தாராவிக் கவிஞரின் முதல் தொகுப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு மூன்று வருடமாக வருகிறார் அந்த அக்கா. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடுவார். துணி தைக்கும் பட்டறையில் நூல் பிசிறு வெட்டும் வேலை அவருக்கு. போன ஆடியில் மழை கொட்டிய ஒரு நாள், வந்திருந்ததே எட்டுப் பேர்தான். "நீங்களும் ஏதாவது படிங்கக்கா" என்றோம். சாப்பாட்டுப் பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார்.

நின்றபடியே தூங்கிப்போனாள்
கல்யாண் லோக்கலில்.
பாதி ஆய்ந்த கீரைக்கட்டை மட்டும்
விடவில்லை கை.

படித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. வீட்டில் இன்னும் நான்கு நோட்டுகள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவி வந்த குடும்பத்தில் நான்காம் தலைமுறை அவர். பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கி, வீடுகளுக்கு எண் கொடுத்தார்கள் அல்லவா? அந்த எண்களையே தலைப்பாக வைத்துப் பதினொரு கவிதைகள் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஒரு வீடு, அதன் அடுப்பு, மாடிப்படியாக நிற்கும் இரும்பு ஏணி, அதில் ஏற முடியாத ஒரு பாட்டி. தாராவியைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். இது உள்ளே குடியிருப்பவர் எழுதியது. இந்தச் சந்துகள் இருக்கும்போதே இங்கே இருப்பவர்கள் கையில் இந்தப் புத்தகம் இருக்க வேண்டும். எங்கள் அவசரம் அதுதான்.

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினோம். ஒரு வருடமாகப் பதில் இல்லை. சரி, நாமே போடுவோம் என்று முடிவு செய்தோம்.

டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவில் 96 பக்கம். முதலில் 300 பிரதிகள். அச்சுக்கும் தாளுக்கும் 21,000 ரூபாய், பக்க வடிவமைப்புக்கும் அட்டைக்கும் 7,000, சென்னையிலிருந்து பார்சலுக்கு 2,000. இதோடு கவிஞருக்கு முன்பணமாக 10,000 கொடுக்கிறோம். அவர் வேண்டாம் என்றார். எழுத்துக்கும் கூலி உண்டு என்று நாங்கள் விடவில்லை. ஆக மொத்தம் 40,000. குழுவினர் போட்டது 14,000 போக, இன்னும் 26,000 ரூபாய் தேவை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குச் செலவில்லை, அரசு இலவசமாகவே தருகிறது. வெளியாகும் புத்தகங்களின் பிரதியை நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் பிரதி போய்ச் சேரும். தாராவிப் பெண்ணின் புத்தகம் கன்னிமாராவில் இருக்கப்போகிறது என்பதை நினைத்தாலே எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

150 ரூபாய் கொடுத்தால் ஒரு பிரதி உங்களுக்கு. அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும், அந்தப் பணத்துக்கான பிரதிகளை உங்கள் பெயரில் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். பணத்தைப் பொருளாளரிடம் நேரிலோ ஜிபேயிலோ கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கார்த்திகை முடிவதற்குள் பணம் சேர்ந்தால், பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு தாராவியிலேயே வெளியீடு.

கவிஞரின் பெயரை இங்கே போடவில்லை. அது முதலில் புத்தக அட்டையில்தான் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்புத் தாள்கள் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் மேசை மேல் இருக்கும். பணம் கொடுக்க முடியாதவர்களும் கட்டாயம் வாருங்கள். உட்கார்ந்து நாலு கவிதை படித்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
நூல் வெளியீட்டுக் குழு,
தாராவி, மும்பை