எக்ஸ்ரேயில் தெரியாத கிழிசல்: அவசரப் பிரிவு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். பதினான்கு வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். விழுந்து அடிபட்டு உங்களிடம் வருகிறவர்களில் சிலர், பல மாதம் கழித்து என்னிடம் வந்து சேருகிறார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் ஒரு புரோட்டா மாஸ்டர் வந்தார். வயது 52. மழையில் பைக் சறுக்கி, வலது தோள் தரையில் மோத விழுந்திருக்கிறார். அன்றைக்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு உடையல, ஊமையடிதான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வலி குறைந்தது; கை மட்டும் மேலே போகவில்லை. சர்க்கரை இருப்பதால் தோள் மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கும் என்று வேறொருவர் சொல்ல, எண்ணெய் போட்டு உருவிக்கொண்டே ஏழு மாதம் ஓட்டிவிட்டார்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கழற்றினார். நான் அந்தக் கையைத் தாங்கி உயர்த்தினேன். காதுவரை தடையில்லாமல் வந்தது. பாதி உயரத்தில் நிறுத்தி, "மெதுவா நீங்களே இறக்குங்க" என்று விட்டேன். சொத்தென்று தொடையில் விழுந்தது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றால் நான் தூக்கினாலும் போகாது. இது ஜவ்வுக் கிழிசல்.

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் ஜவ்வு உறைபோல் மூடியிருக்கிறது. அதுதான் ரொட்டேட்டர் கஃப். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. நெரிசல் மிகுந்த இரவுப் பணியில் எலும்பு, தலை, வயிறு என்று பார்த்து முடிப்பதே பெரும்பாடு என்பதும் தெரியும். ஆனால் கிழிந்த ஜவ்வு நாம் வருகிறவரை காத்திருக்காது. தசை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். அதில் கொழுப்பு படியும். படிந்தபின், தைத்தாலும் அது பெரும்பாலும் பழையபடி ஆகாது. விபத்தில் அறுந்ததைச் சில வாரங்களில், தாமதித்தாலும் மூன்று நான்கு மாதத்துக்குள் தைப்பது நல்லது என்று சர்ஜன்கள் சொல்வது இதனால்தான்.

கிழிசல் எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வயதாக ஆகத் தேய்ந்து கிழிவது வேறு. அறுபதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் அது இருக்கும். 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அடிபடாமலே முழுதாகக் கிழிந்திருந்த 452 பேருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் நாலில் ஒருவர்தான். 2018-ல் பிரிட்டனில், தோள் வலிக்காக எலும்பைச் சுரண்டிவிடும் அறுவை சிகிச்சையை வெறும் போலி அறுவையோடு ஒப்பிட்டார்கள்; குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. கிழிசலுக்கு மேல் பலூன் வைக்கும் முறையும் 2022 ஆய்வில் தேறவில்லை. யாரை வெட்ட வேண்டாம் என்பது இவ்வளவு தெளிந்த காலத்தில், சீக்கிரம் தைக்க வேண்டியவர் வலி மாத்திரையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நுண்துளை வழியாக எலும்பில் ஆங்கர் என்னும் சிறு பிடிமானம் அடித்து ஜவ்வை எலும்போடு தைக்கும் வசதி இன்று நம் ஊர்களிலேயே இருக்கிறது. தைக்கவே முடியாத நிலைக்கு, பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றிவைக்கும் ரிவர்ஸ் என்ற செயற்கை மூட்டு உண்டு. 1985-ல் பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் உருவாக்கியது. எழுபது வயதுக்காரருக்கு அது வரம். நாள் முழுக்க மாவு வீசும் 52 வயதுக்காரருக்கு அதைச் சொல்லச் சர்ஜன்கள் தயங்குவார்கள். தைக்கும் காலம் கடந்துவிட்ட மாஸ்டருக்கும் அப்படித்தான் ஆயிற்று. இப்போது அதே கடையில் கல்லாவில் இருக்கிறார், பாதிச் சம்பளத்துக்கு.

குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சியைத் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். பாஸ்டன் டாக்டர் கோட்மேன் பெயரில் உள்ள பயிற்சி அது. ரொட்டேட்டர் கஃபைத் தைத்ததை 1911-லேயே எழுதியவர். நோயாளியை அனுப்பியபின் என்ன ஆனார் என்று ஒவ்வொருவருக்கும் அட்டை போட்டுத் தொடரவேண்டும் எனப் போராடியவரும் அவரே. அவ்வளவுகூட நான் கேட்கவில்லை.

நாற்பது வயதைத் தாண்டியவர் விழுந்து அல்லது தோள் நழுவி வந்து, எக்ஸ்ரே சரியாக இருந்தால், ஓ.பி. சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "இரண்டு வாரத்தில் கையைத் தானாகத் தூக்க முடியாவிட்டால் ஆர்த்தோ பிரிவுக்குத் திரும்ப வரவும்." வாயாலும் சொல்லுங்கள், கூட வந்தவரிடமும் சொல்லுங்கள். திரும்பி வந்தால் ஒரு அல்ட்ராசவுண்ட் போதும். பழகிய கையில், முழுக் கிழிசலைக் கண்டுபிடிப்பதில் அது எம்.ஆர்.ஐ.க்கு ஏறக்குறைய சமம், செலவும் குறைவு.

தைத்தபின் ஆறு வாரம் தொட்டில் கட்டும், ஆறு மாதப் பயிற்சியும் எங்கள் பாடு. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்