செயலாளரின் ஆண்டறிக்கை: தமிழ்ச் சங்கம், ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் குளிரைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், தீபாவளி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மின்னடுப்பில் பானை பொங்குவதற்குள் குழந்தைகளில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பறைப் பயிற்சியை இரவு பத்து மணிக்கு முன்பே நிறுத்தியதால் புகார் ஏதும் வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு நம் நேரத்தை அதிகம் விழுங்கியது விழாக்கள் அல்ல, தபால்பெட்டி. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் சான்று வேண்டும் என்பதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. வரி எண் தபாலில் வரும் என்பதும் தெரியும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும் என்பதுதான் தெரிவதில்லை. எண் கிடைக்காமல், மிக அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் வரி பிடிக்கப்பட்டு, முதல் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் பிறகு திரும்ப வந்துவிடும். அன்றைக்கு வாடகை கட்ட வேண்டுமே.

நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் கணவருக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர், குழந்தைக்குக் கணவரின் பெயர். நகரின் வைஹிங்கன் பகுதியில் ஒரு வீட்டுத் தபால்பெட்டியில் மூன்றையும் ஒட்டியபோது, "ஒரு குடும்பத்துக்குத்தானே விட்டேன், மற்ற இரண்டு குடும்பமும் எப்போது வந்தன?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். கடித உறையின் பின்பக்கத்தில் வம்சாவளியை வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, கோணலாக இருந்த பட்டையை அவரே பிய்த்து நேராக ஒட்டினார்.

அடுத்தது 'கேர்வோகெ', அதாவது குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராக முறைவைத்து மாடிப்படியைச் சுத்தம் செய்யும் வழக்கம். மாநகராட்சி 1988-இலேயே கட்டாயத்தை எடுத்துவிட்டது; வாடகை ஒப்பந்தங்கள் விடவில்லை. கதவில் பலகை தொங்கினால் அந்த வாரம் மாடிப்படி உங்களுடையது. அதை அலங்காரப் பொருள் என்று எண்ணி வீட்டுக்குள் மாட்டி வைத்தவர் இந்தச் செயற்குழுவிலேயே இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

ஒளிபரப்புக் கட்டணக் கடிதத்தை மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டத்தான் வேண்டும்.

புதியவர்களுடன் பதிவு அலுவலகத்துக்குப் போய்வர, வார நாளில் காலையில் ஓய்வுள்ள இருவர் தேவை. பெயர்ப்பட்டை அச்சிடும் கருவியைக் கொண்டு வந்திருக்கிறேன். வேண்டியவர்கள் காப்பி இடைவேளையில் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.