கண்டியை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆட்சிப் பணியிலிருந்து ஆளுநரானவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோபாலகிருஷ்ண காந்திக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதில் பாதி மகாத்மா காந்தி, ராஜாஜி என்ற அவருடைய இரண்டு தாத்தாக்களுக்கே போய்விட்டது. மீதியில் 1968-இல் ஐ.ஏ.எஸ்., அப்புறம் குடியரசுத் தலைவர் மாளிகை, தென்னாப்பிரிக்கத் தூதர், 2004-இல் மேற்கு வங்க ஆளுநர் என்று ஒரே ஓட்டம். நடுவில் கண்டி விடுபட்டுப்போனது.

நான் இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். 1964-இல் இலங்கையும் இந்தியாவும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது, நாடற்றவர்கள் என்று கணக்கில் வந்த எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் அப்படித் திரும்புகிறவர்களின் காரியங்களைக் கவனிக்கக் கண்டிக்கு வந்த இந்திய அதிகாரிதான் கோபாலகிருஷ்ண காந்தி.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்காகக் கண்டிக்குப் போனது அந்தக் காலத்தில்தான். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தோம் என்று எழுதினால் கடிதத்துக்கு அழகு; ஆனால் பொய். எனக்கு நினைவிருப்பது நீளமான வரிசையும், அப்பா சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதமும். தாத்தாவின் ஊர்ப்பெயர் அதில் இருந்தது. திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அதைக் கண்ணால் கண்டதில்லை.

அப்புறம் அழுகைக் கோச்சி என்று நாங்கள் சொன்ன ரயில், தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. அங்கே கொழுந்து பறித்த அம்மா இங்கேயும் கொழுந்துதான் பறித்தார். மறுவாழ்வுக் கடனுக்கு ஓர் அலுவலகத்தில் ஒன்றரை வருடம் அலையவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரன்’.

அந்த மாதிரி வரிசைகளைத் தினமும் பார்த்த ஒருவர் 25 வருடம் கழித்து ராஜ்பவனில் உட்கார்ந்தால் என்ன செய்வார்? 2007 மார்ச் 14 அன்று மேற்கு வங்கத்தில், நிலம் எடுப்பதை மக்கள் எதிர்த்த நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி தன்னை உறையவைத்ததாக அன்றைக்கே அறிக்கை விட்டார். ஆளுங்கட்சிக்காரர்களுக்குக் கடுங்கோபம். சரி, ஆளுநர் இப்படிப் பொதுவில் பேசலாமா என்றால் எனக்கும் தயக்கம் உண்டு. வேறொரு ஆளுநர் வேறொரு மாநிலத்தில் செய்திருந்தால் நானே உங்களுக்குக் கண்டனக் கடிதம் எழுதியிருப்பேன். அடுத்த வருடம், டாடா கார் தொழிற்சாலைக்கு எடுத்த சிங்கூர் நிலப் பிரச்சினையில் அன்றைய முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவையும் எதிர்த்துப் போராடிய மம்தா பானர்ஜியையும் ராஜ்பவனிலேயே உட்காரவைத்துப் பேசவைத்தாரே, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. டாடா கடைசியில் கிளம்பிப் போனது வேறு கதை.

மின்வெட்டில் ஊரே தவித்தபோது ராஜ்பவனிலும் தினமும் விளக்கை அணைக்கச் சொன்னவர் அவர். நாடகம் என்றார்கள். இருக்கட்டும். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவனுக்கு அந்த நாடகம் பிடித்திருந்தது.

கட்டுரையைப் புத்தகமாகப் போடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். தாத்தாக்களில் ஒரு வரியைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கண்டியைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மு. ச.,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கோத்தகிரி.