தெருக்கூடலும் ஒரு விதித்திருத்தமும்: செயலாளரின் 2025–26ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மேல் வரிசையிலிருந்து படியிறங்கியும் கீழ் வரிசையிலிருந்து படியேறியும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

குன்னூரில் உள்ள நமது தெரு நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை ஆகிய மூன்றும் சென்ற அறிக்கையில் எங்கே நின்றனவோ அங்கேயே நிற்கின்றன. கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது, தெருவை விட்டுப் போன பழைய குடும்பங்களும் நாமும் ஒருநாள் ஒன்றுசேர்ந்த மே மாதத் தெருக்கூடல் ஒன்றுதான். அதனால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றுக் கோவைக்குப் போனவர்கள், பிள்ளைகளின் வேலைக்காகப் பெங்களூரு போனவர்கள், குளிருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் மேட்டுப்பாளையத்தில் குடியேறியவர்கள் என்று தெருவின் பழைய குடும்பங்கள் அனைத்துக்கும் தகவல் சொன்னோம். வருவதற்கு அவர்கள் தயார்தான். வண்டிக்குத்தான் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு, வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. நீலகிரிப் பதிவான டி.என்.43 எண் வண்டிக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கோவைப் பதிவு எண்ணோடு வருபவர் இந்தத் தெருவிலேயே பிறந்தவர் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? கீழ் வரிசையில் குடியிருந்து, இங்கேயே பென்ஷன் வாங்கத் தொடங்கிய பெரியவர் ஒருவர், வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று குறித்துவிட்டுத்தான் மலையடிவாரச் சோதனைச் சாவடியான கல்லாறைத் தாண்டி வந்தார். இதை ஒலிபெருக்கியில் அவரே சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அரசுப் பேருந்தில் வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதை அடுத்த ஆண்டுக்காகக் குறித்துக்கொள்கிறேன்.

சமையலுக்கு இம்முறை சமவெளியிலிருந்து ஆள் அழைத்தோம். நம் ஊர்க்காரர்களே போதும் என்று நான் சொன்னது நிர்வாகக் குழுக் குறிப்பேட்டில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்னூரில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பினால் பருப்பு வேகாது. வந்த சமையல்காரரும் நம்பினார். பதினோரு மணிக்குச் சாம்பாரைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தால் துவரம்பருப்பு முழுசு முழுசாக, பளபளவென்று கிடந்தது. 'உங்கள் பருப்பு இங்கே வேகாது' என்று மேல் வரிசை அம்மா ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, வீடு வீடாகக் குக்கர் திரட்டி வந்து பந்தியைக் காப்பாற்றினார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. அந்தக் குக்கர்களில் சிலவற்றின் மூடிகள் இடம் மாறிப் போயிருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் சரிபார்த்துக்கொள்ளவும்.

வாழை இலை மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் வந்தது. பிளாஸ்டிக் தட்டு, தம்ளர் எதுவும் தெருவுக்குள் வரவில்லை. மாநிலம் முழுக்க 2019இல் வந்த தடைக்கு வெகு முன்பே அதைப் பழகியவர்கள் நாம்.

வந்தவர்கள் கொண்டுவந்த புகைப்படங்களைக் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவற்றில் பல. ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன ஒரு கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு வைத்தோம். மாப்பிள்ளையின் முகத்தில் பாதியைப் பூஞ்சை தின்றிருந்தது. ஆனால் பந்தல் போட்டிருந்தது நம் தெருவில், பின்னால் தெரிந்த மலைச்சரிவில் தேயிலையைத் தவிர எதுவும் இல்லை. இன்று அங்கே இருக்கும் கட்டடங்களை எண்ண ஆரம்பித்த பையன் பாதியில் விட்டுவிட்டான்.

மூன்று மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் தாங்கவில்லை. அப்போது நடந்ததைத்தான் இந்த அறிக்கையில் முக்கியமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். விருந்தாளிகள் யாரும் அருகிலிருந்த வீட்டுக்கு ஓடவில்லை. அவரவர் முன்பு குடியிருந்த வீட்டுத் திண்ணைக்குத்தான் ஓடினார்கள். இப்போது குடியிருப்பவர்களும் முகம் சுளிக்காமல் வர்க்கியும் தேநீரும் கொடுத்தார்கள். ஒரு வீடு இன்று விடுதியாகிவிட்டது. அதன் பழைய சொந்தக்காரர் வழக்கம்போலத் தாழ்ப்பாளை நீக்கி உள்ளே நுழைய, சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பம் பதறிப்போனது. விளக்கிச் சொன்னபின் அவர்களும் இரவுப் பந்தியில் உட்கார்ந்தார்கள். யாருக்குக் கல்யாணம் என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்டதும் இந்த மலையின் படுகர் மக்கள் ஆடும் பாட்டு போட்டோம். அதற்கு மேல் யாரையும் அழைக்கத் தேவையிருக்கவில்லை. ஆட்ட வட்டம் தெருமுனை வரை நீண்டது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி என்பது 2000ஆம் ஆண்டு விதி. நம்மைக் குளிர் அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும் என்பதால் பாத்திரங்களை அன்றிரவே கழுவி, எச்சில் இலைகளை அகற்றிய இளைஞர்களைப் பாராட்டுகிறேன். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். இவர்கள் வாளி எடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்தில் மழை விழாது, உண்மைதான். ஆனால் அங்கே யாருடைய திண்ணையும் இல்லை. இதில் என் கருத்து தெருவின் பக்கமே.

கடைசியாக ஒன்று. நம் துணைவிதிப்படி தெருவில் குடியிருப்பவரும் வீடு வைத்திருப்பவரும் மட்டுமே உறுப்பினராக முடியும். மற்ற மாதங்களில் வீட்டைப் பூட்டிப் போட்டு, சீசனில் மட்டும் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களுக்கும் விண்ணப்பித்தால் இடமுண்டு. அவர்கள் சந்தாவும் தருவதில்லை, கூட்டத்துக்கும் வருவதில்லை. கேட்காமலே நன்கொடை அனுப்பும் பழைய அண்டை வீட்டாருக்கு இடமில்லை. ஆகவே, வாக்குரிமை இல்லாத 'வெளியூர் உறுப்பினர்' என்ற பிரிவைச் சேர்க்கும் சிறப்புத் தீர்மானத்தை முன்மொழிகிறேன். நகல்கள் வாசல் மேசையில் உள்ளன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டு வந்து கை தூக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்