வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு

ஆசிரியருக்கு,

வேலூர் மாவட்டத்தில் காய்ச்சல் பரவுவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் வைரஸ், பாக்டீரியா இரண்டையும் ஒன்றுபோலப் பயன்படுத்தியிருப்பது தவறு. பாக்டீரியா என்பது 'சிறு கோல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. வைரஸ் என்றால் லத்தீனில் நஞ்சு. புகையிலை இலையில் வெளிர்பச்சைத் திட்டுகள் விழும் ஒரு நோய் உண்டு (நம் குடியாத்தத்தில் பீடிக்குள் வைத்துச் சுற்றுகிற அதே புகையிலைதான்). அந்த இலைச்சாற்றை, பாக்டீரியா புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைப் பரப்புகிறது என்று 1892இல் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி கண்டார். 1898இல் நெதர்லாந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க், இது பாக்டீரியாவே இல்லை, வேறொன்று என்று சொல்லி அதை வைரஸ் என்று அழைத்தார்.

இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் போன வாரம் ஒரு அம்மா, இடுப்பில் சளி ஒழுகும் குழந்தையோடு, மருத்துவர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் கேட்டார். கடைக்காரரும் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்துவிட்டார். காய்ச்சல் செய்தி வெளியிடும்போதெல்லாம் அது வைரஸா பாக்டீரியாவா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். வைரஸ் என்றால், ஆன்டிபயாடிக்கை நாமாக வாங்கக் கூடாது என்ற ஒரு வரியையும் கூடவே கட்டம் கட்டிப் போடுங்கள்.

வாசகர், காட்பாடி