நஞ்சுள்ள தேவாங்கைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
காட்டுயிர் ஆர்வலர்,
தமிழ்நாடு.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: வங்காளத் தேவாங்கின் வாழிடத்தையும் உயிரையும் காப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தேவாங்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடவூர் மலையின் ஒல்லித் தேவாங்குதான். அதற்கு நஞ்சு கிடையாது. நான் எழுதுவது அதன் வடகிழக்கு உறவினரான வங்காளத் தேவாங்கைப் பற்றி. அசாமில் இதை 'லாஜுகி பாந்தர்' என்பார்கள், அதாவது வெட்கப்படும் குரங்கு. பாலூட்டிகளில் நஞ்சுள்ளவையே மிகச் சில. குரங்கு வகையறாவில், வங்காளத் தேவாங்கை உள்ளடக்கிய மெதுநடைத் தேவாங்குகள் மட்டுமே. முழங்கைக்கு அருகிலுள்ள சுரப்பியை நக்கி, அதில் சுரப்பதை எச்சிலோடு கலந்து கடிக்கும். கடிபட்ட இடம் வீங்கும். சிலருக்கு ஒவ்வாமை முற்றி உயிருக்கே ஆபத்தாகும்.

அந்தக் கடிக்குப் பயந்துதான், தென்கிழக்கு ஆசியச் சந்தைகளில் இவற்றைச் செல்லப்பிராணியாக விற்பவர்கள் நகவெட்டியால் முன்பற்களை வெட்டிவிடுகிறார்கள். மயக்க மருந்தெல்லாம் இல்லை. சீழ் பிடித்துப் பல சாகின்றன. பிழைப்பவற்றையும் காட்டில் விட முடியாது: மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் தின்ன அந்தப் பற்கள்தான் வேண்டும். கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்கிச் சொக்கி நிற்கிறதே என்று இணையத்தில் லட்சக்கணக்கானோர் ரசிக்கிறார்களே, அது சுரப்பியை வாய்க்கு அருகில் கொண்டுவரும் தற்காப்பு. பயத்தைப் போய் ரசிக்கிறோம்.

சட்டத்தில் குறையில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் ஒப்பந்தம் 2007-லேயே தடுத்துவிட்டது. ஆனால் காடு துண்டாகிறது. இதற்குத் தாவத் தெரியாது, கிளைக்குக் கிளை பற்றித்தான் போகும். அசாமில் ஜோர்ஹாட் அருகே ஹொல்லொங்காபர் சரணாலயத்தின் நடுவே ரயில் பாதை ஓடுவதைத் தாங்கள் அறிவீர்கள். அத்தகைய இடைவெளியைக் கடக்க இது தரையில் இறங்கியாக வேண்டும்.

ஆகவே, சாலையும் ரயில் பாதையும் பிளக்கும் காடுகளில் கயிற்றுப் பாலங்கள் அமைக்க வேண்டுகிறேன். தேவாங்கை வீட்டில் வளர்ப்பதைக் காட்டும் காணொளிகளை நீக்கச் சமூக ஊடக நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும். அப்புறம், ஒல்லித் தேவாங்குக்காகத் தமிழ்நாடு 2022-ல் கடவூரில் 11,806 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்ததுபோல, வடகிழக்கு மாநிலங்களும் செய்ய அமைச்சகம் உதவ வேண்டும்.

இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்