அட்டை வந்த சந்தோஷத்தில் இருப்பவனுக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முட்டி வலி, மருமகன், நீ நட்ட முருங்கை எல்லாம் அடுத்த கடிதத்துக்கு. போகிற போக்கில் நீ எழுதிவிட்ட அந்தக் கடைசி வரிக்குத்தான் இது முழுக்க: "லியோசா அட்டை வந்தாச்சு, இனி ஐம்பது மாநிலமும் நம்ம ஊர்தான். தீபாவளிக்கு நியூ ஜெர்சி எடிசன் போகும்போது இடுப்பில் பிஸ்டலோடுதான் போவேன்."

போகாதேடா. முதலில் இதைப் படி. லியோசா என்பது, பணியில் இருக்கும் போலீஸ்காரரும் நல்லபடியாக வெளியே வந்தவரும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள விடும் அமெரிக்க மத்தியச் சட்டம். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு.

உன் அட்டை சொல்வது ஒன்றே ஒன்று: இந்த ஆள் ஒரு காலத்தில் மிலிட்டரி போலீஸாக இருந்து நல்லபடியாக வெளியே வந்தவர். சட்டம் கேட்பது அதோடு இன்னொன்று. கடந்த 12 மாதத்துக்குள், உன் சொந்தச் செலவில், பணியில் இருக்கும் போலீஸ்காரருக்கு வைக்கும் அதே துப்பாக்கித் தேர்வில் நீ தேறியிருக்க வேண்டும். அட்டையிலேயே அந்தத் தேதி இல்லையென்றால் தனியாக ஒரு சான்றிதழ் பையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், மேரிலாந்தில் வண்டியை ஓரம்கட்டச் சொல்லும் காவலர் கண்ணுக்கு நீ உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கும் வெளிமாநிலத்துக்காரன்தான். சட்டம் 12 மாதம் என்றால் 12 மாதம்தான். ஒரு நாள் தாண்டினாலும் சலுகை கிடையாது. பதினோராவது மாதத்திலேயே துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நாள் கேட்டு வை.

ராபின் தனக்கும் அட்டை வரும் என்று குதிப்பதாக எழுதியிருந்தாய். வராது. மொத்தச் சேவை 20 வருஷமாக இருக்கலாம், ஆனால் போலீஸ் வேலையில் மட்டும் கூட்டினால் 10 வருஷம் வர வேண்டும். 2004-இல் சட்டம் வந்தபோது 15 கேட்டார்கள், 2010-இல்தான் 10 ஆக்கினார்கள். அவனுக்கு எட்டுதான் தேறும், மீதி ராணுவச் சப்ளைப் பிரிவில் போயிற்று. தகுதிகாண் காலம் முடித்து, பணியில் வந்த ஊனத்தால் வெளியேறியவருக்கு அந்தப் பத்து தேவையில்லை. ராபினுக்கு வாயைத் தவிர வேறெதிலும் ஊனம் இல்லை. உங்கள் மிலிட்டரி போலீஸ் ஆட்களுக்கே இந்தக் கதவு தெளிவாகத் திறந்தது 2013 ஜனவரியில்தான். அதுவரை சட்டத்தில் 'கைது அதிகாரம்' என்று இருந்தது. ராணுவ நீதிச் சட்டத்தின் ஏழாவது பிரிவு உங்களுக்குக் கொடுத்ததோ 'பிடிக்கும் அதிகாரம்'. அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை வாதம் நடந்தது என்று உனக்கே தெரியும்.

இனி தேர்வு. எந்தத் தேர்வு என்பதை நீ குடியிருக்கும் மாநிலம் சொல்லும். மாநிலம் எதுவும் வகுக்கவில்லை என்றால் அந்த மாநிலத்துப் போலீஸ் துறை ஒன்றின் தரமோ, அந்தத் தேர்வை நடத்தத் தகுதி பெற்ற பயிற்றுநர் வைக்கும் தரமோ போதும். பெரும்பாலும் 50, 60 ரவுண்டு, 3 கெஜத்தில் தொடங்கி 15, சில இடங்களில் 25 கெஜம் வரை, தேற 70 அல்லது 80 சதவீதம். நீ ஜார்ஜியாவில் பார்த்த ஃப்ளெட்சி (மத்திய அரசின் போலீஸ் பயிற்சி மையம்) தேர்வு மாதிரி: 60 ரவுண்டு, 300 புள்ளி, 210 எடுத்தால் போதும்.

210 தானே என்று சிரிக்காதே. உன் வயதுக்காரர்கள் தோற்பதற்கு முதல் காரணம் குறி இல்லை, வெள்ளெழுத்து. பைஃபோக்கல் போட்டுக்கொண்டு துப்பாக்கி நுனியில் உள்ள முன்குறியைப் பார்க்கத் தலையை அண்ணாந்தால் கழுத்தும் தோளும் இறுகிவிடும். கண் டாக்டரிடம் போகும்போது கை நீட்டினால் துப்பாக்கி நிற்கும் தூரத்தை அளந்து சொல், அந்தத் தூரத்துக்குத் தனிக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார்.

இரண்டாவது, எம்-9 பழக்கம், அதாவது ராணுவத்தில் கொடுத்த பெரெட்டா பிஸ்டல். அதில் முதல் இழுப்பு நீளம், கனம், இரண்டாவதிலிருந்து லேசு. நீ வாங்கியிருக்கும், சுத்தியல் இல்லாத ஸ்ட்ரைக்கர் பிஸ்டலில் எல்லா இழுப்பும் ஒன்றுதான். அதோடு சுட்டு முடித்ததும் சுத்தியலை இறக்க உன் கட்டைவிரல் இல்லாத நெம்புகோலைத் தேடும். தேடினால் தேடட்டும், ஆள்காட்டி விரல் மட்டும் விசைக் கூண்டுக்கு வெளியே நேராக இருக்கட்டும். உறையில் திரும்பச் செருகும்போது அவசரம் வேண்டாம். கண்ணால் பார்த்துச் செருகு. ஜாக்கெட் கயிறு உள்ளே மாட்டி விசையை இழுத்துவிடும். வாய் மூடிக்கொள்ளும் துணி உறையும் அந்த விபத்துக்கு ஒரு காரணம். கைடெக்ஸ் என்னும் கெட்டி பிளாஸ்டிக் உறை வாங்கு.

குண்டுகள் இடது கீழ்ப்பக்கமாக விழுந்தால் வெடிப்பை எதிர்பார்த்து மணிக்கட்டைக் குனிக்கிறாய் என்று அர்த்தம். தோட்டா அடுக்கும் மேகசினில் இரண்டு மூன்று டம்மி தோட்டாக்களைக் கலந்து யாரையாவது நிரப்பித் தரச் சொல். டம்மி வரும்போது துப்பாக்கி மூக்கு தாழ்வது உன் கண்ணுக்கே தெரியும். வீட்டில் தினம் பத்து நிமிஷம் வெறும் விசைப் பயிற்சி செய், தோட்டா அடுத்த அறையில் இருக்கட்டும்.

தேர்வு நாளுக்கு மூன்று மேகசின், தேவைக்கு மேல் ஒரு பெட்டி ஃபாக்டரி தோட்டா. உன் கேரேஜில் நிரப்பிய தோட்டா வேண்டாம், அது உன் சாம்பார் மாதிரி, ஒரு தடவைபோல் இன்னொரு தடவை இருக்காது. தினமும் கட்டப்போகும் அதே உறை, அதே சட்டை. சட்டை விளிம்பை இடது கையால் மார்பு வரை தூக்காமல் உருவினால் பிடியோடு துணியும் வரும், அங்கேயே இரண்டு நொடி போய்விடும்.

எந்த வகைத் துப்பாக்கியில் தேறினாயோ அந்த வகையைத்தான் சுமக்கலாம். பிஸ்டலில் தேறிவிட்டு மாமனார் கொடுத்த ரிவால்வரை எடுத்துப் போகாதே. இரண்டிலும் சுட்டு இரண்டையும் சான்றிதழில் எழுத வை. தேதி, வகை, எந்தத் தேர்வு, பயிற்றுநர் கையெழுத்து, அவர் சான்று எண் எல்லாம் இருக்கிறதா பார்.

நியூ ஜெர்சிக்கு வருவோம். ஓய்வு பெற்றவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும், ஹாலோ பாயிண்ட் (நுனி குழிந்த தோட்டா) கூடாது என்று அந்த மாநிலம் பிடிவாதம் பிடித்தது. 2024 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் உள்ள மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் லியோசாதான் மேல் என்று தீர்ப்பளித்தது. ஆனால் லியோசா மேகசினைப் பற்றி வாயே திறக்கவில்லை, அங்கே 10 ரவுண்டுக்கு மேல் பிடிக்கும் மேகசின் தடை. பத்தைக் கொண்டு போ, வழக்கில் முன்மாதிரியாகப் பேர் வாங்கும் ஆசை உனக்கு வேண்டாம்.

மாநில அரசுக் கட்டடம், பூங்கா, "துப்பாக்கி கூடாது" என்று சொல்லும் தனியார் இடம், இங்கெல்லாம் அந்தந்த மாநிலச் சட்டம்தான். மத்திய அரசுக் கட்டடத்திலும் விமானத்திலும் இந்த அட்டைக்கு மதிப்பில்லை. வருஷக்கணக்கில் நீ காவல் நின்ற அதே முகாம் வாசலிலும் கமாண்டர் அனுமதி இல்லாமல் செல்லாது. உன் மருமகன் வீட்டு விருந்தில் பெக் எடுத்தால் அன்றைக்குச் சட்டப் பாதுகாப்பும் போயிற்று. குடிக்கப்போகிறாய் என்றால் வீட்டிலேயே பெட்டியில் பூட்டிவிட்டுக் கிளம்பு. உனக்கு ஒன்றில் நிற்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக, நம் ஆட்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிடி-214 சான்றில் அப்பா பெயர் முழுதாக முதலில் இருக்கிறதா, கடைசியிலா? ஓட்டுநர் உரிமத்தில் எப்படி? லியோசா அட்டையில் எப்படி? மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பு. சான்றிதழில் அட்டையில் உள்ளபடியே பெயர் போட வேண்டும். பதில் வரும்வரை பிஸ்டல் பெட்டியிலேயே தூங்கட்டும்.

உன்
கோபால்